ஸ்கூபா பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பயிற்சியின் தரத்தை அளந்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய மூச்சை இழுத்து, அதை அடக்கிக்கொண்டே மேலே வருபவரின் உள்ளே இருக்கும் காற்று, நீர்மட்டத்தை எட்டும்போது இரு மடங்காக விரியப் பார்க்கும். அந்த விரிவுக்கு நுரையீரலில் இடமில்லை. ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சடக்கி எழுந்தாலே திசு கிழிந்து, காற்றுக் குமிழ்கள் இரத்த ஓட்டத்தில் கலந்துவிடக்கூடும். அதனால்தான் ‘மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது’ என்பது, காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் மூச்சு விடும் ஸ்கூபாவின் முதல் விதியாக இருக்கிறது. இந்த விதியைச் சொல்லிக் கொடுக்க அரை நிமிடம் போதும். ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்து, மூக்கு எரிந்து, கண் தெரியாமல் போகும் நொடியிலும் மாணவர் தம்மையறியாமல் சீராக மூச்சு விடும் அளவுக்கு அதை உடலின் பழக்கமாக்குவதற்கு ஒரு நல்ல பயிற்றுநரும், அவருக்குப் போதிய நேரமும் தேவை.

நான் முதலில் சேர்ந்த படிப்பில் மாஸ்க்கை ஒரே ஒரு முறை கழற்றி மாட்டினேன். பயிற்றுநர் தம் பலகையில் ஒரு குறியிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். சில மாதங்கள் கழித்துப் பதினான்கு மீட்டர் ஆழத்தில், முன்னால் சென்றவர் காலில் அணிந்திருந்த துடுப்பு பட்டு என் மாஸ்க் நழுவியபோது, கற்றதெல்லாம் மறந்து மேல்நோக்கி உதைக்கத் தொடங்கினேன். அருகிலிருந்தவர் என் மிதப்புச் சட்டையின் (காற்று ஏற்றியும் இறக்கியும் மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) தோள்பட்டையைப் பற்றி நிறுத்தியதால் தப்பினேன். அன்று என்னிடம் இருந்த சான்றிதழ் அட்டை செல்லுபடியாகக்கூடியது. அட்டை சொன்ன திறன்தான் என்னிடம் இல்லை. அந்த இடைவெளியை நீங்கள் முன்கூட்டியே கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: தரத்தை வகுப்பவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொழுதுபோக்கு ஸ்கூபா பயிற்சி, பெரும்பாலான இடங்களில், ஓட்டுநர் உரிமம்போல அரசு நேரடியாகத் தேர்வு வைத்து வழங்கும் ஒன்றல்ல. பயிற்சி அமைப்புகள் என்று அழைக்கப்படும் தனியார் அமைப்புகளும் கூட்டமைப்புகளும் பாடத்திட்டத்தை வகுத்து, பயிற்றுநர்களுக்கு அங்கீகாரம் அளித்து, அவர்கள் வழியாக மாணவர்களுக்கு அட்டை வழங்குகின்றன. பிரிட்டனில் 1953இல் தொடங்கிய பி.எஸ்.ஏ.சி., 1959இல் மொனாக்கோவில் உருவான சி.எம்.ஏ.எஸ்., அமெரிக்காவில் 1960இல் தொடங்கிய என்.ஏ.யு.ஐ., 1966இல் வந்த பி.ஏ.டி.ஐ., 1970இல் வந்த எஸ்.எஸ்.ஐ. ஆகியவை இவற்றுள் நீண்ட வரலாறு உள்ளவை. முதல் இரண்டும் மன்ற மரபிலிருந்து வளர்ந்தவை. அங்கே ஊதியம் பெறாத தன்னார்வப் பயிற்றுநர்கள் மாதக் கணக்கில் மாணவர்களுடன் இருப்பது வழக்கம். மற்றவை பெரும்பாலும் டைவ் மையங்கள் வழியாக, குறுகிய காலப் படிப்புகளாக இயங்குகின்றன. இரண்டு மரபிலும் சிறந்த பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், அக்கறையற்றவர்களும் இருக்கிறார்கள்.

இந்த அமைப்புகளுக்கெல்லாம் பொதுவான அளவுகோலாக, பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தரநிலைகள் உள்ளன. மாணவர் நிலைகளை 24801 என்ற வரிசையும், பயிற்றுநர் நிலைகளை 24802 என்ற வரிசையும், சேவை தரும் மையங்களின் கடமைகளை 24803 என்ற தரநிலையும் வரையறுக்கின்றன. இவற்றில் நீங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. 24801-1 என்பது மேற்பார்வைக்குட்பட்ட டைவர் நிலை. அதைப் பெற்றவர் வழிநடத்துநர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், 12 மீட்டர் ஆழம் வரை மட்டுமே செல்லலாம். 24801-2 என்பது தற்சார்பு டைவர் நிலை. அதைப் பெற்றவர் தமக்கு நிகரான தகுதியுள்ள ஒரு துணைவருடன், வழிகாட்டி யாரும் இல்லாமல், தாமே திட்டமிட்டு 20 மீட்டர் ஆழம் வரை டைவ் செய்யக்கூடியவர். விளம்பரங்களில் இரண்டும் ஒரே மாதிரி ‘ஸ்கூபா சான்றிதழ்’ என்றே குறிப்பிடப்படலாம். நீங்கள் சேரப்போவது எந்த நிலைக்கான படிப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தரநிலைகள் அனைத்தும் கீழ்வரம்பைத்தான் சொல்கின்றன. இதைவிடக் குறைவாகக் கற்பிக்கக் கூடாது என்பதே அவற்றின் பொருள். இவ்வளவு கற்பித்தால் போதும் என்பதல்ல. அந்தக் கீழ்வரம்பிலேயே நின்றுவிடும் பயிற்றுநரை விதி மீறியவர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவரிடம் கற்பதும், கீழ்வரம்பைத் தொடக்கமாகக் கொண்டு கற்பிப்பவரிடம் கற்பதும் ஒன்றல்ல.

இரண்டாம் படி: ஒரு பயிற்றுநர் எப்படி உருவாகிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

அட்டையில் ‘பயிற்றுநர்’ என்று இருப்பதைக் கண்டதும் பல்லாண்டு அனுபவம் என்று நாம் கருதிக்கொள்கிறோம். பி.ஏ.டி.ஐ. அமைப்பில் ஒருவர் பயிற்றுநர் தேர்வை எழுத, 18 வயது நிறைந்தவராகவும், பதிவு செய்யப்பட்ட 100 டைவ்களை முடித்தவராகவும் இருந்தால் போதும்; டைவராகத் தகுதி பெற்று ஆறு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். அதற்கு முன் டைவ்களை வழிநடத்தும் தகுதியான டைவ்மாஸ்டர் நிலையை முடித்து, பயிற்றுநர் மேம்பாட்டுப் படிப்பில் விரிவுரை, குளத்துப் பாடம், கடல் பாடம் ஆகியவற்றைக் கற்பித்துக் காட்டியிருக்க வேண்டும். அந்தப் படிப்பை நடத்தியவரே தேர்வையும் நடத்துவதில்லை; தேர்வாளரை அமைப்பே தனியாக அனுப்புகிறது. பயிற்சி கொடுத்தவரும் மதிப்பிடுபவரும் வெவ்வேறாக இருப்பது இந்த முறையின் நல்ல அம்சம்.

ஆனால் 100 டைவ் என்ற எண், தன்னளவில் எதையும் சொல்லிவிடாது. ஒருவர் தெளிந்த, வெதுவெதுப்பான, ஓட்டமில்லாத நீரில், ஒரே பாறைத்திட்டைச் சுற்றி நூறு முறை இறங்கியிருக்கலாம். இன்னொருவர் குளிர்ந்த ஏரியிலும் கலங்கல் நீரிலும் வலுத்த ஓட்டத்திலும் அதே நூறைச் சேர்த்திருக்கலாம். முதலாமவரிடம் கலங்கல் நீரில் கற்கப் போகும் மாணவர், தமக்குக் கற்பிப்பவருக்கும் அந்த நீர் புதிது என்பதை அறியமாட்டார். ஆகவே மொத்த எண்ணிக்கையைவிட, நீங்கள் கற்கப்போகும் வகை நீரில் அவர் எத்தனை டைவ் செய்திருக்கிறார், எத்தனை மாணவர்களை முழுப் படிப்பும் நடத்தி முடித்திருக்கிறார் என்பவை பொருளுள்ள கேள்விகள்.

இவற்றைக் காட்டிலும் நான் மதிக்கும் கேள்வி வேறொன்று. “கடைசியாக எப்போது ஒரு மாணவருக்கு அட்டை தர மறுத்தீர்கள், அல்லது கூடுதல் வகுப்பு வேண்டும் என்று சொன்னீர்கள்?” என்று கேளுங்கள். நேர்மையான பயிற்றுநரிடம் இதற்கு உடனடியாக ஒரு பதில் இருக்கும். எந்த மாணவர் எந்த இடத்தில் தடுமாறினார், அதற்கு என்ன செய்தார் என்று விவரித்துச் சொல்வார். “என்னிடம் வந்த அனைவரும் தேறிவிட்டார்கள்” என்று பெருமையோடு சொல்பவரிடம் நான் சேரமாட்டேன். நீரில் அச்சம் உள்ளவர், காதின் அழுத்தத்தைச் சமன்செய்யத் தடுமாறுபவர், மெதுவாகக் கற்பவர் என்று பலரும் வரும் துறையில், அனைவரும் ஒரே மூன்று நாளில் தேறுவது இயல்பானதல்ல.

மூன்றாம் படி: ஆவணங்களைச் சரிபாருங்கள்

இது விரைவில் முடியும் வேலை. பயிற்றுநரின் பெயரையும் எண்ணையும் கேட்டு, அவர் சார்ந்த அமைப்பின் இணையதளத்தில் அவருடைய தற்போதைய நிலையைச் சரிபாருங்கள். பயிற்றுநர் தகுதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது; புதுப்பிக்காதவரும் இடைநீக்கம் செய்யப்பட்டவரும் கற்பிக்கக் கூடாது. முதலுதவி, இதய நுரையீரல் மீட்பு ஆகியவற்றில் அவர் பெற்ற பயிற்சி இரண்டு ஆண்டுகளுக்குள் இருக்கிறதா, அவசரகால ஆக்சிஜன் கொடுக்கக் கற்றிருக்கிறாரா, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு உள்ளதா என்று கேளுங்கள். இவற்றைக் கேட்பதால் முகம் சுளிப்பவர்கள் உண்டு; நல்ல மையங்கள் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுகின்றன.

நான்காம் படி: பணம் செலுத்துவதற்கு முன் பேசுங்கள்

முன்பதிவு செய்யும் மேசையில் இருப்பவரோடு பேசுவது போதாது; உங்களுக்குக் கற்பிக்கப்போகும் அதே நபரோடு பேச வேண்டும். வகுப்பில் எத்தனை பேர், குளத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம், முதல் நாள் முதல் கடைசி நாள் வரை ஒரே பயிற்றுநர்தானா, குறித்த நாளுக்குள் நான் தேறாவிட்டால் என்ன நடக்கும், கூடுதல் வகுப்புக்குத் தனிக் கட்டணமா என்பவற்றைக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலில் அந்த மையத்தின் மனப்பான்மை முழுவதும் வெளிப்பட்டுவிடும். “நாள் கணக்கு இல்லை, திறன் வரும்வரை தொடர்வோம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சற்று அதிகக் கட்டணம் கேட்டாலும் அது நியாயமானதே.

அடுத்து வருவது உடல்நலக் கேள்வித்தாள். இதில்தான் ஒரு மையத்தின் நேர்மை முதன்முதலாகச் சோதனைக்கு உள்ளாகிறது. டைவ் மருத்துவ வல்லுநர்கள் கூடி உருவாக்கி 2020இல் வெளியிட்ட புதிய கேள்வித்தாளை இப்போது பல அமைப்புகள் பயன்படுத்துகின்றன. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, நீரிழிவு, அண்மை அறுவை சிகிச்சை போன்றவற்றைப் பற்றிய கேள்விகளில் குறிப்பிட்ட சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால், நீரில் இறங்குவதற்கு முன் மருத்துவரின் ஒப்புதல் கையொப்பம் வேண்டும். “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இன்று இறங்க முடியாது” என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அந்த இடத்தை விட்டு அப்போதே வெளியேறுங்கள். ஒரு டைவ் விற்பனையாவதற்காக உங்கள் இதயத்தைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவைப்பவர், நீருக்கடியில், சிலிண்டரில் மீதமுள்ள காற்றைக் காட்டும் உங்கள் அழுத்தமானியைப் பற்றி அக்கறைப்படுவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. நீங்களும் உண்மையை மறைக்கக் கூடாது. நல்ல மையங்கள் இந்தத் தாளைச் சில வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிடுகின்றன. மருத்துவரைப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

ஐந்தாம் படி: குளத்தில் கவனியுங்கள்

முதல் வகுப்பிலேயே நீச்சல் சோதனை நடக்க வேண்டும். எந்த உபகரணமும் இல்லாமல் 200 மீட்டர் நீந்துவது, அல்லது மாஸ்க், துடுப்பு, ஸ்னார்க்கல் என்னும் மூச்சுக்குழாய் ஆகியவற்றை அணிந்து 300 மீட்டர் நீந்துவது, அதன்பின் எதையும் பற்றாமல் 10 நிமிடம் மிதப்பது என்பவை பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள். நேரமில்லை என்று இதைத் தவிர்த்துவிடும் பயிற்றுநர், பயிற்சியின் முதல் கட்டத்தையே கைவிட்டவர்.

பிறகு, அவர் ஒவ்வொரு திறனையும் எப்படிச் செய்து காட்டுகிறார் என்று பாருங்கள். நீருக்கடியில் பேச முடியாததால், பயிற்றுநரின் உடலே பாடநூல். நல்லவர் மிக மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் பிரித்து, கையை நிறுத்தி நிறுத்திச் செய்து காட்டுவார். தமக்குப் பழகிய வேகத்தில் மாஸ்க்கைக் கழற்றி மாட்டிவிட்டு “இப்போது நீ” என்று சைகை காட்டுபவர், தம் திறமையைக் காட்டுகிறாரே ஒழியக் கற்பிக்கவில்லை.

திறனில் தேர்ச்சி என்பதற்கு அமைப்புகள் தரும் விளக்கத்தின் சாரம் இதுதான்: அந்த நிலையிலுள்ள ஒரு புதிய டைவரிடம் எதிர்பார்க்கத்தக்க அளவில், பதற்றமின்றி, தடுமாற்றமின்றி, மீண்டும் கேட்டால் மீண்டும் செய்யக்கூடிய விதத்தில் செய்தல். ‘மீண்டும்’ என்ற சொல்லில்தான் முழுப் பொருளும் இருக்கிறது. ஒரு முறை தப்பித்தவறிச் செய்து முடித்தது தேர்ச்சியாகாது. பயிற்றுநர் உங்களை ஒரே திறனை மூன்று, நான்கு முறை செய்யச் சொல்கிறார் என்றால், மற்றொரு நாள் வேறு வரிசையில் எதிர்பாராமல் கேட்கிறார் என்றால், அலுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செலுத்திய கட்டணத்துக்கு மிக நல்ல பயன் கிடைத்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவே.

இனி, மிதப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பயிற்சியின் தரத்தை ஒரே பார்வையில் காட்டிவிடக்கூடியது அதுதான். பல ஆண்டுகளாக, மாணவர்களைக் குளத்தின் தரையில் முழங்காலிட்டு வரிசையாக உட்காரவைத்துக் கற்பிப்பது வழக்கமாக இருந்து வந்துள்ளது. தரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கட்டுப்படுத்துவது பயிற்றுநருக்கு எளிது என்பது உண்மை. ஆனால் கடலில் யாரும் முழங்காலிட்டு டைவ் செய்வதில்லை. முழங்காலில் இருந்தபடி மாஸ்க்கைக் கழற்றக் கற்றவர், நீரின் நடுவே மிதந்துகொண்டிருக்கும்போது அதே வேலையைச் செய்ய நேர்ந்தால், மூச்சு மாறி, மிதப்பு மாறி, தம்மையறியாமல் மேலெழுவார் அல்லது அமிழ்வார். இன்று சிறந்த பயிற்றுநர்கள் தொடக்கத்திலேயே மாணவர்களைத் தரையிலிருந்து எழுப்பி, கிடைமட்டமாக மிதந்தபடி திறன்களைச் செய்யப் பழக்குகிறார்கள். முதல் வகுப்பில் முழங்காலிடுவதில் குற்றமில்லை. கடைசி வகுப்பிலும் அதே நிலை தொடர்ந்தால், அது மாணவருக்காக அல்ல, கற்பிப்பவரின் வசதிக்காக.

முழங்காலிட்டுக் கற்பிப்பதற்கும், நீரில் அமிழ்வதற்காகக் கட்டும் எடையை அளவுக்கு மீறிக் கட்டிவிடுவதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. மாணவர் தரையில் அசையாமல் உட்கார வேண்டுமானால் எடை அதிகம் வேண்டும்; ஆகவே தேவைக்குமேல் இரண்டு, மூன்று கிலோ சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். கூடுதல் எடையை ஈடுகட்ட மிதப்புச் சட்டையில் கூடுதல் காற்று ஏற்ற வேண்டியிருக்கும். அந்தக் காற்று ஆழத்துக்கேற்ப விரிந்து சுருங்குவதால் மிதப்பைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். கால் தாழ்ந்து உடல் சாய்ந்து நீந்துவதால் உழைப்பு கூடி, காற்று விரைவில் தீரும். முறையாக எடையைச் சோதிப்பது எளிது. நீர்மட்டத்தில், முழு உபகரணத்துடன், மிதப்புச் சட்டையில் காற்றில்லாமல், இயல்பான மூச்சை நிறுத்தி நிற்கும்போது நீர் உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நீர்மட்டத்தில் செய்யும் இந்தச் சோதனையின் சில நொடிகளுக்கு மட்டுமே மூச்சை நிறுத்துகிறோம் என்பதையும் நல்ல பயிற்றுநர் விளக்குவார். பொதுவாகப் பயன்படும் சிலிண்டர் ஒன்றின் அழுத்தம் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50 பாருக்கு இறங்கும்போது ஏறத்தாழ இரண்டு கிலோ காற்று வெளியேறிவிடுவதால், டைவின் இறுதியிலும் 5 மீட்டர் ஆழத்தில் நிற்க முடிகிறதா என்று மறுபடி சரிபார்ப்பார். உங்கள் உடல் எடையைக் கேட்டு, ஒரு பட்டையை எடுத்து நீட்டிவிட்டு, பிறகு அதைப் பற்றிப் பேசாத பயிற்றுநர் இந்தப் பாடத்தைக் கற்பிக்கவில்லை.

ஆறாம் படி: திறந்த நீரில் (கடல், ஏரி போன்றவற்றில்) கவனியுங்கள்

தற்சார்பு நிலைக்கான படிப்பில் பொதுவாகக் குறைந்தது நான்கு திறந்த நீர் டைவ்கள் இருக்கும், பி.ஏ.டி.ஐ. படிப்பில் அதிகபட்ச ஆழம் 18 மீட்டர். ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர்கள், சான்று பெற்ற உதவியாளர்கள் உடனிருந்தால் பன்னிரண்டு வரை என்பது அதே படிப்பின் உச்சவரம்பு. முதன்முறை அனுபவ டைவ்களில் திறந்த நீரில் ஒருவருக்கு நான்கு பேர். இந்த எண்கள் நீரும் வானிலையும் மிகச் சாதகமாக இருக்கும் நாளுக்குரியவை. கலங்கல், குளிர், அலை, அச்சமுள்ள மாணவர் என்று எது சேர்ந்தாலும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியது பயிற்றுநரின் கடமை என்று தரநிலைகளே சொல்கின்றன. மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத நீரில் எட்டு மாணவர்களை அழைத்துச் செல்பவர், எண்ணளவில் விதிக்குள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பின்வரிசையில் இருக்கும் மாணவரை அவரால் பார்க்கவே முடியாது. என்னைக் கேட்டால், முதல் படிப்புக்கு நான்கு பேருக்கு மேல் உள்ள வகுப்பில் சேர வேண்டாம் என்பேன்.

படகிலோ கரையிலோ நடக்கும் விளக்கவுரையில், எங்கே இறங்குவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்த அழுத்தத்தில் திரும்புவது, துணைவரைத் தவறவிட்டால் என்ன செய்வது, அவசர உதவி எங்கே என்பவை இடம்பெற வேண்டும். அதன்பின் துணைவர்கள் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். மிதப்புச் சட்டை, எடை, கொக்கிகள், காற்று, கடைசியாக மொத்தப் பார்வை. பயிற்றுநர் தாமும் தம் உபகரணத்தை உங்கள் முன் இப்படிச் சோதித்துக் காட்டுகிறாரா என்று பாருங்கள். ஆயிரம் டைவ் செய்தவரும் இதைத் தவிர்ப்பதில்லை என்பதை மாணவர் கண்ணால் கண்டால்தான் பழக்கம் பதியும்.

நீருக்கடியில் அவர் எங்கே நிற்கிறார்? கை நீட்டினால் மாணவரைத் தொடக்கூடிய தூரத்தில், முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முன்னால் நீந்திக்கொண்டு, அவ்வப்போது மட்டும் திரும்பிப் பார்ப்பவர் வழிகாட்டியாக இருக்கலாம், பயிற்றுநராக இல்லை. கற்பிக்கும் நேரத்தில் கையில் கேமரா இருப்பது மிக மோசமான அறிகுறி. காற்றுத் தீர்ந்தால் கட்டுப்பாட்டுடன் மேலேறும் பயிற்சியைச் செய்யும்போது, பயிற்றுநர் ஒரு மாணவருடன் மேலே செல்கிறார். அந்த நேரத்தில் மற்ற மாணவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று இறங்குவதற்கு முன்பே கேளுங்கள். இதற்குத் தெளிவான விடை இல்லாத இடத்தில் அந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். மேலேறும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 மீட்டருக்கு மிகாமல் இருப்பதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று ஏறுவதும் ஒவ்வொரு டைவிலும் கடைப்பிடிக்கப்பட வேண்டும்.

புதிய உபகரணத்தை அறிமுகப்படுத்தும் விதத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 2020 நவம்பரில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள குளிர்ந்த ஏரி ஒன்றில், பயிற்சி டைவின்போது 18 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார். அவர் அணிந்திருந்த உலர் உடைக்கு (உள்ளே நீர் புகாத உடை) காற்று ஏற்றும் குழாய் இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஆழம் கூடக்கூட உடை உடலை நெருக்கியது. எளிதில் கழற்றிவிட முடியாத வகையில் எடைகள் வைக்கப்பட்டிருந்தன. அந்தக் குழாய் இல்லை என்பதும், எடையை எப்படிக் கழற்றுவது என்பதும் இறங்குவதற்கு முன் செய்யும் சோதனையிலேயே தெரியவேண்டிய விஷயங்கள். உங்களுக்குப் பழக்கமில்லாத எந்த உபகரணத்தையும் முதலில் ஆழமற்ற, அமைதியான நீரில் பழக்காமல் திறந்த நீருக்கு அழைத்துச் செல்லும் பயிற்றுநரிடம், மறுப்புச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த டைவையும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே நிறுத்தும் உரிமையை முதல் நாளிலேயே பயிற்றுநர் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

வானிலை சரியில்லை என்று ஒரு டைவை ரத்து செய்யும் பயிற்றுநர்மீது சினம் கொள்ளாதீர்கள். அன்றைய வருமானத்தை இழந்து அவர் அந்த முடிவை எடுத்திருக்கிறார்.

ஏழாம் படி: அட்டையை வாங்குவதற்கு முன் உங்களை நீங்களே சோதியுங்கள்

அமெரிக்காவில் இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவ் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 ஸ்கூபா உயிரிழப்புகளை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விபத்தைத் தொடங்கிவைத்த காரணத்தைக் கண்டறிய முடிந்த நிகழ்வுகளில் 41 விழுக்காட்டில், அது காற்றுப் பற்றாக்குறையாக இருந்தது. சுறாவோ, அரிய உபகரணக் கோளாறோ அல்ல; அழுத்தமானியைப் பார்த்து, உரிய நேரத்தில் திரும்பியிருந்தால் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று. ஆகவே உங்கள் பயிற்சியின் உண்மையான தேர்வு, பல்தேர்வு வினாத்தாளில் இல்லை.

பயிற்றுநர் கேட்காமலே, எந்த நொடியிலும் உங்கள் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று ஏறத்தாழச் சொல்ல முடிகிறதா? உபகரணத்தை யாருடைய உதவியும் இல்லாமல் பொருத்திக் கழற்ற முடிகிறதா? தரையைத் தொடாமலும், கையால் துழாவாமலும் ஒரு நிமிடம் ஒரே ஆழத்தில் நிற்க முடிகிறதா? உங்களைப் போலவே புதியவரான ஒரு துணைவருடன், வழிகாட்டி இல்லாமல், இதே இடத்தில் நாளை இறங்கத் துணிவு இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று தோன்றினால், தற்சார்பு டைவர் என்று அட்டை சொல்வது இன்னும் உண்மையாகவில்லை. அதைப் பயிற்றுநரிடம் வெளிப்படையாகச் சொல்லி இன்னொரு டைவ் கேளுங்கள். வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

படிப்பின் நடுவிலேயே நம்பிக்கை போய்விட்டால், அங்கேயே முடித்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இதுவரை முடித்த பாடங்களைக் குறிப்பிட்டுப் பயிற்றுநர் கையொப்பமிடும் பரிந்துரை ஆவணத்தைக் கேட்டு வாங்கினால், மீதியை வேறொரு பயிற்றுநரிடம் முடிக்கலாம். பி.ஏ.டி.ஐ. அமைப்பில் இந்த ஆவணம், கடைசியாக முடித்த பாடத்திலிருந்து பன்னிரண்டு மாதங்கள் செல்லுபடியாகும். புதிய பயிற்றுநர் உங்கள் திறன்களைக் குளத்தில் மறுபடி சோதித்துப் பார்த்தால் மகிழுங்கள். அவர் பிறருடைய கையொப்பத்தை மட்டும் நம்பி உங்களைக் கடலுக்கு அழைத்துச் செல்லாதவர்.

எட்டாம் படி: குறை இருந்தால் எழுதுங்கள்

பெரும்பாலான அமைப்புகளில் தரக் கண்காணிப்புப் பிரிவு உண்டு. படிப்பு முடிந்த மாணவர்களுக்கு அது கேள்விப் படிவங்களை அனுப்புகிறது, புகார்களை விசாரிக்கிறது, தேவைப்பட்டால் பயிற்றுநரை மறுபயிற்சிக்கு அனுப்புகிறது, இடைநீக்கம் செய்கிறது, நீக்குகிறது. இந்த முறையில் ஒரு பெரிய பலவீனம் இருக்கிறது. தரம் மீறப்பட்டதா என்று சொல்ல வேண்டியவர் மாணவர். ஆனால் எது தரம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. நீச்சல் சோதனை நடக்கவே இல்லை என்பதை ஒரு குறையாக அவர் உணர்வதற்கே, அது நடந்திருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் அன்பாகப் பேசிய பயிற்றுநரைப் பற்றி எழுத மனமும் வராது. என் முதல் படிப்பு முடிந்ததும் வந்த படிவத்தில் எல்லாக் கட்டங்களிலும் ‘ஆம்’ என்று குறித்தவன் நான்தான். எனக்குப் பின் அதே பயிற்றுநரிடம் சென்றவர்களை நினைக்கும்போது, அந்தப் படிவம் இன்றும் என்னை உறுத்துகிறது.

எழுதும்போது பயிற்றுநரின் குணத்தைப் பற்றிய கருத்துகளை விட்டுவிடுங்கள். நாள், இடம், டைவ் எண், இறங்கிய ஆழம், நீரில் இருந்த மாணவர்களின் எண்ணிக்கை, உடனிருந்த உதவியாளர்கள், செய்யாமல் விடப்பட்ட பாடங்கள் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். “குழுவில் ஒன்பது பேர், உதவியாளர் இல்லை, 16 மீட்டர்” என்ற ஒரு வரி, இரண்டு பக்க மனக்குறையைவிட விசாரணைக்கு உதவும். இதற்காகவே, படிப்பின் ஒவ்வொரு நாளும் டைவ் பதிவேட்டில் இந்த விவரங்களை அன்றைக்கன்று குறித்துவையுங்கள். மணிக்கட்டில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் பதிவான ஆழத்தையும் நேரத்தையும் படமெடுத்து வையுங்கள். கையொப்பமிட்ட பயிற்சிப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் செய்யாத ஒரு பாடத்தின் எதிரே உங்கள் கையொப்பத்தைக் கேட்டால், அதற்கு மட்டும் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுங்கள்.